கடலுக்குப் போகும் வழியில் எங்கள் ஊர்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் கடல் பார்க்கக் கிளம்பியவர்கள் ஆண்டு முழுக்க எங்கள் பக்கம் வந்து நிற்பார்கள். திருமங்கலத்தில் பிரியும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை போகிறது. அங்கிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, புனலூர் தாண்டி, கொல்லத்தில் அரபிக்கடல் பக்கம் போய் முடிகிறது. ரயிலும் ஏறக்குறைய அதே வழிதான். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் பாதை வந்தது. அதற்கு முன்பே, 1904-இல், செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் விட்டாயிற்று. அகலப்பாதை வேலைக்காகப் பல வருடம் மூடிக்கிடந்த மலைப்பகுதி 2018-இல் திரும்பத் திறந்தது. அதன் பிறகு எழும்பூரில் ஏறிப் படுத்தால் கொல்லத்தில் இறங்கலாம்.

மலையும் மழையும் சேர்ந்த வழி என்பதால் இங்கே பயணம் தடைப்படுவது புதிதல்ல. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. ஐப்பசி, கார்த்திகையில் கணவாய்ச் சாலையில் மரம் விழும், மண் சரியும். வண்டிகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். சதுரகிரி மலைக்கோயிலுக்கு அமாவாசையன்று வந்தவர்களை, மலையில் மழை என்றால், அடிவாரத்தில் தாணிப்பாறையிலேயே வனத்துறை நிறுத்திவிடும். இந்தத் தடைகளைக் குறை சொல்ல மாட்டேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடைகளில் வந்த வெள்ளத்திலும் பக்தர்கள் இறந்தார்கள். தடை இருக்கத்தான் வேண்டும். தடை போட்ட பிறகு அந்த மக்கள் எங்கே போகிறார்கள், எங்கே ராத்தங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் கேட்க நினைக்கிறேன்.

நான் இந்தச் சாலையில் மதுரை–செங்கோட்டை வண்டியில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். ராஜபாளையத்துக்காரன். டிக்கெட் கிழித்துக் கொடுத்த காலத்திலும், பிறகு மெஷின் வந்த காலத்திலும், பயணிகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஊர் பற்றியதல்ல. "அடுத்த வண்டி எப்போ அண்ணாச்சி?" என்பதுதான். அந்தக் கேள்விக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடக்கும் மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம், சில சமயம் ஒரு ராத்திரி முழுக்க, அந்த நேரத்துக்கு ஊர்தான் பொறுப்பு என்பது என் கருத்து. ரிசார்ட் கட்ட இடம் தேடுவதும் சுற்றுலா விழா நடத்துவதும் அப்புறம் இருக்கட்டும். அழையாமல் வந்து நிற்கிறவரைக் கவனிப்பதில்தான் ஊரின் சுற்றுலா ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் மாட்டிக்கொண்டவருக்கு இரண்டு வார்த்தை. வண்டி நின்றுபோனால் பெரும்பாலோர் செய்வது, பேருந்து நிலையத்துப் பெஞ்சில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பது. கோபம் வரும், பிள்ளைகள் அழும், வெயில் ஏறும். அப்படி உட்காராதீர்கள். டைம் கீப்பர் அறைக்குப் போய், வழி எப்போது திறக்கும், கடைசி வண்டி எது என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டவுடன் மனசு பாதி இறங்கிவிடும். அதன் பிறகு நீங்கள் நிற்பது எந்த ஊர் என்று பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் நேரத்தைக் கவனித்தாக வேண்டும். மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். பகல் ஒரு மணிக்கு இறங்கிய வெளியூர்க்காரர் நேரே கோயிலுக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுவார். காலையிலும் மாலையிலும் வந்தவருக்கு அங்கே இருப்பது கொஞ்சமல்ல. பதினொரு நிலைக் கோபுரம் வடபத்ரசாயி சந்நிதிக்கு முன்னால் நிற்கிறது. அரசுச் சின்னத்தில் இருப்பது அந்தக் கோபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் சொல்லும். ஆண்டாள் சந்நிதி தனிக்கோயிலாக மேற்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், பெரியாழ்வார் குழந்தையைத் துளசிச்செடியின் கீழ் கண்டெடுத்ததாகச் சொல்லும் நந்தவனம். சூடிப் பார்த்த பெண் தன்னைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறும் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. எட்டிப் பார்க்காமல் வராதீர்கள்.

அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் தவறவிடுவது ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை. அது மரத்தில் செய்ததோ வெள்ளியில் செய்ததோ அல்ல. தினமும் புதிதாக இலையிலும் பூவிலும் கட்டுகிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம்பூ, உள்ளே நிற்க வைக்க மூங்கில் குச்சி. ஒரு நாள் கிளி மறுநாள் கிடையாது. இந்த ஊரில் கட்டும் மாலை புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் இங்கிருந்துதான் மாலை போகிறது. ஒரு மணி நேரம் கையில் இருக்கிறவர் மாலை கட்டும் இடத்துப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வரலாம். யாரும் விரட்ட மாட்டார்கள்.

மதிய வேளையில் மாட்டியவருக்கு நான் சொல்லுவது பால்கோவா அடுப்பு. கடையில் டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவதை நான் சொல்லவில்லை. காய்ச்சுகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். அகலமான இரும்புச் சட்டியில் பாலையும் சர்க்கரையையும் ஊற்றி விறகில் ஏற்றுகிறார்கள். புளிய விறகோ, முந்திரிக்கொட்டை ஓடோ, சீராக எரிய வேண்டும் என்பது கணக்கு. நீளப் பிடி வைத்த துடுப்பை ஒருவர் ஓயாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். முதலில் பொங்கும், அடங்கும், பொங்கும். பிறகு கொப்புளம் சின்னதாகி, பால் கெட்டிப்பட்டு, சட்டியின் ஓரத்தில் ஆடை ஒட்ட ஆரம்பிக்கும். அதை உடனுக்குடன் சுரண்டி உள்ளே தள்ளவில்லை என்றால் தீய்ந்த வாடை மொத்தச் சட்டிக்கும் ஏறிவிடும். நிறம் வெள்ளையிலிருந்து சந்தன நிறத்துக்கு மாறுகிற அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வேலை. விறகை வெளியே இழுத்துவிட்டு, இருக்கும் சூட்டிலேயே கிளறி இறக்க வேண்டும். இதற்கு எந்தக் கடிகாரமும் கிடையாது, கிளறுகிறவரின் கைதான். சூடாக நூறு கிராம் காகிதத்தில் வாங்கி நின்றபடியே சாப்பிட்டவருக்கு, மறுநாள் வீட்டில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு பெயரை ஒட்டிக்கொண்டு வெளியூர்களில் விற்பது குறைந்தபாடில்லை. அதனாலேயே அடுப்பைப் பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் திருமலை நாயக்கர் கட்டிய சின்ன மகால் ஒன்று இருக்கிறது. மதுரை மகாலைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார். நீண்ட காலம் நீதிமன்றமாக இருந்தது. எங்கள் பக்கத்துச் சொத்து வழக்குகள் பலவும் நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவில்தான் நடந்தன.

பதினொரு, பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே வந்தால் ராஜபாளையம். பேருந்து நிலையத்தில் நின்றபடி மேற்கே திரும்பினால் மலை முழுக்கத் தெரியும். மழை மேகம் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று பார்த்தே, குற்றாலத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பஞ்சாலை ஊர் என்றும் நாய் ஊர் என்றும் அறிவார்கள். இரண்டும் உண்மைதான். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்துதான் பிறகு வந்த ஆலைகள் பலவும் கிளைத்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி ஊர் ஊராகப் போகிறது. வெள்ளை ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் இரண்டு மணி நேரம் காத்திருக்கும் பயணி நாய்க்குட்டி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அது ஓடித் திரிய இடம் கேட்கும் வேட்டை நாய். அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிப்போடுவது பாவம்.

நான் பார்க்கச் சொல்லும் இடம் காந்தி கலை மன்றம். பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர், பிறகு ஒரிசாவுக்கு ஆளுநரானவர். அவர் தான் குடியிருந்த வீட்டைக் கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். இன்றைய அரசியலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வீட்டைக் காட்டி, இதைக் கொடுத்தவர் ஒரு முதலமைச்சர் என்று சொல்லிப் பாருங்கள். வைகாசியில் வந்து மாட்டியவர் கொடுத்துவைத்தவர். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து மாம்பழம் இறங்கும். சப்பட்டை என்று ஒன்று உண்டு. பெயர் அப்படி, ருசி அப்படியல்ல. காலையில் சீக்கிரம் இறங்கியவர், கால் வலுவுள்ளவர், கிழக்கே சஞ்சீவி மலை ஏறிப் பார்க்கலாம்.

அய்யனார் கோயில் அருவியை மட்டும் நான் எல்லோருக்கும் சொல்லுவதில்லை. ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் போகும் வழி அது. யானை வரும் காடு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமாக்கிய மலை, 2021-இல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். குற்றாலத்தில் குளிக்க முடியாதவர்களை அப்படியே இந்தக் காட்டு அருவிக்குத் திருப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்லுகிறார்கள். கூடாது. அங்கே வெள்ளம் வந்தால் இங்கேயும் வரும், ஒரே மலைதான். தெரியாத காட்டில், தெரியாத பாறையில், சோப்பும் பிளாஸ்டிக்குமாகக் கூட்டத்தை இறக்குவது மனிதருக்கும் ஆபத்து, காட்டுக்கும் கேடு. காத்திருப்பவரை ஊருக்குள் வரவேற்போம், மலைக்கு அனுப்ப வேண்டாம்.

இதையெல்லாம் பார்க்கப் பயணி முதலில் பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டுமே. அதற்கு அவர் பையை எங்கே வைப்பார்?

ஓர் ஐப்பசி மாதம். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என் வண்டியில் ஏறியது. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், மகனைப் பெற்ற அம்மா. செங்கோட்டைக்கு டிக்கெட், அங்கிருந்து கொல்லம். எழுபது வயது அம்மா கடல் பார்த்ததில்லை. "ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறேன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு தம்பி, அவரு போயிட்டாரு. இப்ப மகன் கூட்டிட்டுப் போறான்" என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட்டார். நல்ல மழை. பாதி வழியிலேயே கணவாயில் மண் சரிந்துவிட்டது என்று செய்தி வந்தது. செங்கோட்டையில் கூட்டத்தோடு கூட்டமாக நனைவதைவிட இங்கேயே இறங்கி, காலையில் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். வழியில் ஓர் ஊரில் இறங்கினார்கள். எந்த ஊர் என்பது வேண்டாம்.

அந்தப் பேருந்து நிலையத்தில் கழிப்பறையை ராத்திரி பூட்டிவிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ள அந்த அம்மா, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மருமகள் கையைப் பிடித்தபடி, இருட்டில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றார். லாட்ஜில் இருந்த ஒரே அறைக்குக் கேட்ட வாடகை அவர்கள் கொல்லம் போய்வரும் செலவைவிட அதிகம். கடைசியில் டீக்கடை அக்கா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பின்தெருவில் இருக்கும் தன் வீட்டுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் அங்கேயே தூங்கினார்கள். மறுநாள் பாதை திறக்க மதியம் ஆகும் என்று தெரிந்ததும், காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கிறார்கள். மதியம் என் வண்டியிலேயே திரும்ப ஏறினார்கள். அந்த அம்மா ஆண்டாளைப் பற்றிச் சொன்னது கொஞ்சம். பால்கோவா அடுப்பைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். வாழ்நாளெல்லாம் மாடு வளர்த்தவர். எந்தப் பால் தண்ணீர்ப் பால், எந்தத் தீவனத்துக்குப் பால் எப்படி இருக்கும் என்று கிளறுகிறவரோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறார். "நல்ல பாலுதான் தம்பி, எரிப்புத்தான் கொஞ்சம் கூட" என்றார். செங்கோட்டையில் இறக்கிவிட்டேன்.

அந்தப் பயணத்தைக் காப்பாற்றியது ஒரு டீக்கடை அக்காவின் வீட்டுக் கழிப்பறை. நல்ல மனம் எங்கள் பக்கத்தில் ஏராளம். அதை நான் சாலையில் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஊர் தன் கடமையை ஒரு பெண்மணியின் நல்ல மனத்தின் மேல் ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிறுத்தவில்லை; சாலையோரம் மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் இன்றும் சத்திரம் இருக்கிறது. நடந்து போகிறவன் எங்கே சோர்வான், எங்கே இருட்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டிய காலம் அது. வண்டி வேகம் கூடியது, சத்திரம் போயிற்று. மழை மட்டும் அதே மழை.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயிலை நினைத்துப் பாருங்கள். கடற்கரைக் கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்பியவர்கள், சுமார் எண்ணூறு பேர். தண்டவாளத்தின் அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. சிலரைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள்; மற்றவர்கள் நிலையத்திலேயே சுற்றிலும் தண்ணீரோடு இரண்டு ராத்திரி கிடந்தார்கள். மீட்புப் படை வரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி மக்கள். தங்கள் வீடுகளிலும் வெள்ளம் இருக்க, கையில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் சமைத்துக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் பலரிடம் சொன்னேன்: நம் ஊரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதே யோசித்து எழுதி வைக்க வேண்டும்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளியை மூடியபோது கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் 38 விமானங்கள் இறங்கின. ஊரின் மக்கள்தொகை பத்தாயிரம் அளவு. வந்திறங்கியவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். பள்ளிக்கூடங்களையும் தேவாலயங்களையும் மன்றங்களையும் திறந்துவிட்டு நாள்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதில் என் நெஞ்சில் நின்றது ஒன்று. அந்த ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பயணிகளை ஏற்றிப்போக ஆள் வேண்டும் என்றதும் போராட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வண்டியை எடுத்தார்கள். என் தொழில்காரர்கள் என்பதால் பெருமையாகச் சொல்லுகிறேன். வசதியுள்ள ஊர்கள் இதையே வியாபாரமாகவும் செய்கின்றன. சிங்கப்பூரில் விமானம் மாற மணிக்கணக்கில் காத்திருப்பவர்களை, சாங்கி விமான நிலையமே காசு வாங்காமல் ஊர் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விடுகிறது. காத்திருந்த நேரத்தில் ஊரைப் பார்த்தவர் அடுத்த முறை அந்த ஊருக்கென்றே வருவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் சாங்கி ஆக வேண்டாம். வழக்கமான பயணிக்கும் தேவைப்படுகிற சாதாரண வசதிகளைத்தான் கேட்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரிலும், பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும், ரசீது போட்டுப் பை வைக்க ஓர் அறை வேண்டும். பெரிய ஜங்ஷன்களில் இருக்கிற கிளாக் ரூம் சின்ன ஊரில் எதற்கு என்பார்கள். சின்ன ஊரில்தான் வேண்டும். பெரிய ஊரில் ஆள் இறங்குவது திட்டத்தோடு, இங்கே இறங்குவது திகைப்போடு. கழிப்பறை இரவு முழுவதும் திறந்திருக்க வேண்டும். பெண்கள் பக்கத்தில் பெண் பணியாளர் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். இதற்கு ஆகும் மாதச் செலவை, ஒரு வரவேற்பு வளைவு கட்டும் பணத்தில் எத்தனையோ வருடத்துக்கு ஓட்டலாம்.

செய்தி சரியான இடத்துக்கு வர வேண்டும். குற்றாலத்தில் தடை போட்டால் தென்காசி மாவட்டத்தில் தெரியும். கணவாய் மூடினால் கொல்லம் மாவட்டத்தில் தெரியும். சதுரகிரிப் பாதை மூடினால் விருதுநகர், மதுரை மாவட்டங்களில் தெரியும். தெரிய வேண்டியது மதுரை மாட்டுத்தாவணியில் டிக்கெட் எடுக்கிறவருக்கு. நடத்துநருக்கே பாதி வழியில் எதிரே வரும் வண்டிக்காரர் கையசைத்துச் சொன்னால்தான் தெரியும் என்ற நிலைமையைத்தான் நான் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கு ஒரு உத்தரவு போதும். அதோடு ஒரு பலகை: கோயில் நடை எப்போது திறக்கும், எப்போது சாத்தும், மகாலுக்கு எத்தனை தூரம், டவுன் பஸ் எண் என்ன, ஆட்டோவுக்கு எவ்வளவு. ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கியவர் கோயில் வந்து சேர ஆட்டோக்காரர் சொல்லுவதுதான் விலை என்று இருந்தால், அவர் நிலையத்தை விட்டே வர மாட்டார். இரண்டு ரயில் நிலையங்களும் அம்ரித் பாரத் பட்டியலில் இருக்கின்றன. முகப்பு அழகாகும், சந்தோஷம். பை வைக்கும் அறையும் வந்தால் இன்னும் சந்தோஷம்.

ராத்தங்கலுக்கு எனக்கு ஒரு யோசனை உண்டு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சமுதாயத்துக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. தண்ணீர், கழிப்பறை, சமையல்கட்டு, படுக்கப் பாய் எல்லாம் உண்டு. கல்யாண மாதங்களில் நாள் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக்கிடக்கும். குற்றாலத்தில் கூட்டம் நிரம்புவது ஆடியில். ஐயப்பன்மார் வண்டி வண்டியாக இந்தச் சாலையில் போவது மார்கழியில். ஊரில் மண்டபம் காலியாக இருக்கும் மாதங்களும் வழியில் ஆள் மாட்டிக்கொள்ளும் மாதங்களும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஆடிப்பூரத் தேர் நாட்களில் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம் இருக்காது. அப்போது ராஜபாளையம் கை கொடுக்கலாம். மண்டபத்தாருக்கு மின்கட்டணமும் துப்புரவுச் செலவும் நகராட்சி கொடுக்கட்டும். தங்குகிறவரிடம் ஆளுக்கு ஒரு சிறு தொகை வாங்கினாலும் தப்பில்லை; இலவசமாகப் படுக்க வேண்டும் என்று அந்த மேலூர்க் குடும்பம் கேட்கவில்லை, தாங்கக்கூடிய விலையில் ஓர் இடம் கேட்டது. யார் வந்து தங்குகிறார்கள் என்ற பயம் மண்டபத்தாருக்கு இருப்பது நியாயம். ஆதார் எண்ணும் பயணச்சீட்டும் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டால் அந்தப் பயமும் தீரும்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், டெண்டர் வேண்டாம். வைகாசி கடைசியில் நகராட்சி ஆணையர், போக்குவரத்துக் கிளை மேலாளர், மண்டபச் செயலாளர்கள், ஆட்டோ சங்கத்தார் எல்லோரும் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிகிற காரியம். எந்த மண்டபம், எத்தனை பேர் படுக்கலாம், சாவி யாரிடம், அவர் போன் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அலுவலகக் கோப்பில் வைக்க வேண்டாம். டைம் கீப்பர் அறைக் கதவில் ஒட்டுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் அங்கேதான் வந்து கேட்பார்.